ஆர்வெல்லின் 38 பெயர்கள்

1993 பொங்கலுக்குக் கோவில்பட்டியில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. திண்ணையில் உட்கார்ந்து ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாலினின் ரஷ்யாவை விலங்குக் கதையாக்கிக் கிண்டல் செய்த நாவல். க.நா.சு. மொழிபெயர்த்தது. நூலகப் பிரதி, முதுகு பிய்ந்து பசைத்தாள் ஒட்டியிருந்தது. சித்தப்பா ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளைச் சாத்தினார். புத்தகத்தைக் கையில் வாங்கி அட்டையைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

“ஏலே, அந்தப் பண்ணைக்கு அமெரிக்காக்காரன்லா தீவனம் போட்டான். தெரியுமா ஒனக்கு?”

சித்தப்பா மில் தொழிலாளி. சங்கத்துக்காரர், கட்சிக்காரர். நியூ செஞ்சுரி புத்தக வேன் ஊருக்கு வரும்போதெல்லாம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்துவைத்துப் புத்தகம் வாங்கியவர். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் அவர் வீட்டு மர அலமாரியில் இரண்டு தட்டு முழுக்க இருந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் கதைகள் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தன. அதையெல்லாம் மறந்துவிட்டு, “ருஷ்யாக்காரன் உங்களுக்குப் போட்டது மட்டும் என்ன, புண்ணாக்கா?” என்று கேட்டுவிட்டேன். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கால் கழுவப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு அப்போது ஆர்வெல் என்றால் ஒரே ஒரு விஷயம்தான். யார் தயவிலும் இல்லாத ஆள். பர்மாவில் போலீஸ் அதிகாரியாக ஐந்து வருடம் இருந்தவர், அந்த வேலை அசிங்கம் என்று தோன்றியதும் உதறிவிட்டு வந்தார். பாரிஸில் பாத்திரம் கழுவினார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் குனிந்து தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போய்த் துப்பாக்கி பிடித்தார், 1937 மே மாதம் தொண்டையில் குண்டு பாய்ந்தது. சிபாரிசுக்கு ஆள் இல்லாமல் எழுத ஆசைப்பட்ட சின்ன ஊர்ப் பையனுக்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறு எங்கிருந்து கிடைக்கும்? கையும் கண்ணும் நேர்மையும் இருந்தால் போதும் என்று அந்த மனிதர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததாக நம்பினேன்.

பத்து வருடம் கழித்து, 2003-இல், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கார்டியன் நாளிதழைப் புரட்டியபோதுதான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன்.

1949 மார்ச் 29. இங்கிலாந்தில் கிரானம் என்ற ஊரில் ஒரு காசநோய் விடுதி. ஆர்வெல் அங்கே படுத்திருக்கிறார். ‘1984’ நாவலை முடித்து அனுப்பிவிட்டார், அது இன்னும் வெளிவரவில்லை. சீலியா கிர்வன் என்ற தோழி பார்க்க வருகிறார். மூன்று வருடத்துக்கு முன் ஆர்வெல் திருமணம் செய்துகொள்ளக் கேட்டு, மென்மையாக மறுத்த பெண். இப்போது அவர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறைக்குள் தகவல் ஆய்வுத் துறை என்ற பெயரில் இயங்கிய ஒரு ரகசியப் பிரிவில் வேலை பார்க்கிறார். சோவியத் பிரச்சாரத்துக்கு எதிர்ப்பிரச்சாரம் செய்வதற்காக 1948-இல் அட்லியின் தொழிற்கட்சி அரசு தொடங்கிய பிரிவு அது. யாரை எழுதச் சொல்லலாம் என்று சீலியா யோசனை கேட்கிறார். ஆர்வெல் சில பெயர்களைச் சொல்கிறார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஒரு வாரம் கழித்துத் தானாகவே எழுதுகிறார்: கம்யூனிஸ்ட் சாய்வு இருப்பதால் யாரை நம்பி இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது என்றும் ஒரு பட்டியல் தரமுடியும் என்று. மே 2-ஆம் தேதி அனுப்பியும் விடுகிறார். 38 பெயர்கள்.

வீட்டில் ஒரு குறிப்பேட்டில் அவர் சேர்த்துவைத்திருந்த 135 பெயர்களிலிருந்து பொறுக்கியவை அவை. அப்படியொரு பட்டியல் இருந்தது என்பது 1996-இல் அரசு ஆவணங்கள் வெளிவந்தபோதே தெரிந்துவிட்டது. பெயர்கள் வெளிவந்தது சீலியா 2002-இல் இறந்த பிறகுதான். நடிகர் சார்லி சாப்ளின், நடிகர் மைக்கேல் ரெட்கிரேவ், வரலாற்றாசிரியர் ஈ.எச். கார், ஸ்டாலின் நாட்டைவிட்டு விரட்டிய ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் வாழ்க்கையை எழுதிய ஐசக் டாய்ட்ஷர். கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலோ இந்தியரான செட்ரிக் டோவர் பெயரும் இருந்தது. போர்க்காலத்தில் ஆர்வெல் பிபிசியில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தபோது அதில் வந்து பேசியவர் அவர். கூடவே குறிப்புகள் வேறு. டாய்ட்ஷர் யூதர், டோவர் கலப்பினத்தவர் என்றெல்லாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்து ஏகாதிபத்தியத்தை அப்படித் திட்டி எழுதிய கை, ஒரு மனிதனின் பிறப்பைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைத்து அதிகாரிகளுக்கு அனுப்பியிருக்கிறது. அந்த வரிகளை வாசித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

பட்டியலைப் பார்த்த பிறகு மனிதரை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். ஒருவரைச் சந்தேகப்பட்டுவிட்டால் பழைய கதைகள் எல்லாம் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன, அதில் ஒரு அநியாயமும் உண்டு. தெரிந்தேதான் வாசித்தேன்.

எரிக் பிளேர் என்ற இயற்பெயரோடு 1903-இல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தார், அப்பா பிரிட்டிஷ் இந்திய அரசின் அபினித் துறையில் அதிகாரி, மேல்தட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் உதவித்தொகையில் படித்தார். இதெல்லாம் பின்னட்டையிலேயே இருக்கும். நானும் படித்திருந்தேன். ஈட்டன் ஒருவருக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த பிறகு என்ன செய்யும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. ஆரம்பகாலக் கட்டுரைகளை அடெல்ஃபி இதழில் போட்டவர் ரிச்சர்ட் ரீஸ். பிரபுப் பட்டம் உள்ள குடும்பம், ஈட்டன். போர்க்காலத்தில் அவர் கட்டுரைகளை ஹொரைசன் இதழில் வெளியிட்ட சிரில் கானலி, ஆரம்பப் பள்ளியிலிருந்தே கூடப் படித்தவர், ஈட்டன். அப்சர்வர் பத்திரிகையில் இடம் கொடுத்த டேவிட் ஆஸ்டர், அந்தப் பத்திரிகையையே சொந்தமாக வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை, ஈட்டன். ‘1984’ எழுதுவதற்கு ஒதுக்குப்புறமாக இடம் தேடியபோது ஸ்காட்லாந்தின் ஜூரா தீவைக் காட்டியவரும் ஆஸ்டர்தான். அவர் குடும்பத்துக்கு அங்கே எஸ்டேட் இருந்தது.

எனக்கு மிகவும் வலித்தது இவர்கள் யாரும் இல்லை. பாரிஸில் பட்டினி கிடந்ததைப் பற்றிய அந்தப் புத்தகத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! கோட்டை அடகு வைப்பதும், நாள்கணக்கில் வெறும் ரொட்டியில் ஓட்டுவதும். அந்த நாட்களில் அதே பாரிஸில் அவருடைய அம்மாவின் சகோதரி நெல்லி லிமூசின் குடியிருந்தார். நல்ல மனிதர், தங்கை பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர். புத்தகத்தில் அவர் இல்லவே இல்லை. ஆர்வெல் பசித்தது பொய் என்று நான் சொல்லவில்லை. சொந்தக்காரரிடம் போய் நிற்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடந்தவர்களை எனக்கும் தெரியும். ஆனால் போய் நிற்பதற்கு ஒரு கதவு இருப்பவனின் பசியும், கதவே இல்லாதவனின் பசியும் ஒன்றா? அந்தக் கதவை அவர் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார். மதுரையில் மெஸ் பாக்கி கட்டமுடியாமல் இரண்டு நாள் டீயில் ஓட்டிய நான், அவரை என்னைப் போன்ற ஒருவராக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மருந்து. 1948-இல் ஆர்வெல் ஸ்காட்லாந்தில் ஹேர்மையர்ஸ் மருத்துவமனையில் இருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன, பிரிட்டனில் வெளியே கிடைக்காது. ஆஸ்டர் ஏற்பாடு செய்து வரவழைத்தார். அதற்கு அனுமதி கொடுக்க வேண்டிய சுகாதார அமைச்சர் அனைரின் பெவன், ட்ரிப்யூன் பத்திரிகை நாட்களிலிருந்தே ஆர்வெல்லுக்குப் பழக்கமானவர். மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் உரிந்து, நகம் வெடித்து, பாதியில் நிறுத்தினார்கள். மீதி வேறு இரண்டு நோயாளிகளுக்குப் போய், அவர்கள் பிழைத்தார்கள். அதே காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அந்த மருந்தை 107 காசநோயாளிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தது. இருந்த மருந்து எல்லோருக்கும் போதாது என்பதால் 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் கூட்டத்தில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாவது கூட்டத்தில் 14 பேர். அந்தப் 14 பேருக்கு ஆஸ்டரைத் தெரியாது. ஒரு நண்பன் சாகக் கிடக்கும்போது முடிந்ததைச் செய்வதில் என்ன தவறு? ஒன்றுமில்லை, நானும் செய்வேன். ஆனாலும் இந்த எண்களைத் தெரிந்துகொண்ட பிறகு, தனியாக நின்ற எழுத்தாளர் என்ற சொற்றொடரை அவருக்குப் பயன்படுத்த என்னால் முடியவில்லை.

இங்கே ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942, பிபிசி ஸ்டுடியோ. இந்தியாவுக்கு ஒலிபரப்பிய ‘வாய்ஸ்’ என்ற கவிதை நிகழ்ச்சி. மேசையைச் சுற்றி டி.எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த், ஜமைக்காவின் உனா மார்சன், நாராயண மேனன், வேணு சித்தாலே. பின்னால் நிற்கிறார் ஆர்வெல், ஒல்லியாக, மீசையோடு. எலியட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் ஆள். ஈழத் தமிழரான தம்பிமுத்து. 1938-இல் லண்டனுக்குப் போய் அடுத்த வருடமே ‘பொயட்ரி லண்டன்’ என்ற இதழைத் தொடங்கிய கவிஞர். இந்தப் படத்தை நான் முன்பு பிரின்ட் எடுத்து மேசைக்கு மேல் ஒட்டியிருந்தேன். நிறமும் நாடும் பாராமல் எல்லோரும் ஒரே மேசையில் என்று சந்தோஷப்பட்ட படம். இப்போதும் அந்தச் சந்தோஷம் பொய் என்று தோன்றவில்லை. ஆர்வெல்தான் அந்த மேசையைக் கூட்டியவர். ஆனால் படத்தில் எலியட்டையும் ஆர்வெல்லையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. இரண்டு வருடம் கழித்து ‘விலங்குப் பண்ணை’யைப் பதிப்பிக்க மறுத்தவர்களில் எலியட்டும் ஒருவர். ஃபேபர் நிறுவனத்தின் சார்பில் அவர் எழுதிய கடிதத்தில், பன்றிகள் ஆள்வது பிரச்சினை இல்லை, பொதுநலம் மிகுந்த பன்றிகள்தான் தேவை என்ற பொருளில் ஒரு கருத்து இருக்கிறது. அப்போது ரஷ்யா பிரிட்டனின் போர்க்கூட்டாளி. பதிப்பாளர் கோலன்ஸ் மறுத்தார். ஜோனதன் கேப் நிறுவனம் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, தகவல் அமைச்சகத்தின் ஓர் அதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பின்வாங்கியது. கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17-இல் வெளியிட்டது. ஆக, மேல்தட்டுத் தொடர்பு எல்லாம் இருந்தும், இந்த ஒரு புத்தகத்துக்காக அவர் மாதக்கணக்கில் கதவு கதவாகத் தட்டத்தான் செய்தார். இதை அவர் பக்கத்துக் கணக்கில் வைக்காமல் இருக்க முடியாது.

சரி, சித்தப்பா சொன்ன தீவனத்துக்கு வருகிறேன். சித்தப்பா சொன்னது உண்மை. ஆனால் அது ஆர்வெல் 1950 ஜனவரி 21-இல் இறந்த பிறகு பெரிதாக நடந்த கதை. தகவல் ஆய்வுத் துறை பன்றிகளின் கதையைப் படக்கதையாக்கிப் பல நாட்டுப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. அரபு மொழிபெயர்ப்பு பற்றிப் பேச்சு வந்தபோது கெய்ரோ தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி, முஸ்லிம்களுக்குப் பன்றியும் நாயும் அசுத்தமானவை, ஆகவே கதை நன்றாக எடுபடும் என்று எழுதினார். விதவை சோனியாவிடமிருந்து திரைப்பட உரிமையை அமெரிக்க உளவுத் துறை இடையில் ஆள் வைத்து வாங்கியது. 1954-இல் வந்த கார்ட்டூன் படத்தில் முடிவையே மாற்றிவிட்டார்கள். புத்தகத்தின் கடைசியில் பன்றியையும் மனிதனையும் பிரித்துப் பார்க்க முடியாமல் மற்ற விலங்குகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். படத்தின் முடிவில் மனிதர்களைக் காணோம். விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக எழுகின்றன, அவ்வளவுதான். முதலாளியும் சோவியத் கட்சி அதிகாரியான கமிசாரும் ஒன்றுதான் என்று எழுதிய மனிதனின் வாயிலிருந்து முதலாளியைத் துடைத்துவிட்டார்கள். இதற்கு ஆர்வெல்லைக் குற்றம் சொல்ல மாட்டேன். செத்தவர் என்ன செய்வார்?

உயிரோடு இருந்து, தெரியாமலே இதற்குள் இருந்தவர்கள் உண்டு. கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் 1953-இல் லண்டனில் ‘என்கவுன்டர்’ இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பின் இதழ் அது. 1950 ஜூனில் மேற்கு பெர்லினில் அந்த அமைப்பு தொடங்கியபோது அறிக்கையை வாசித்தவர் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர். சீலியாவின் இரட்டைச் சகோதரி அவருடைய மனைவி. பார்த்தால் ஒரு வரவேற்பறைக்குள் அடங்கும் கூட்டம்தான் இது. பம்பாயில் 1951-இலேயே மாநாடு நடத்தினார்கள், 1955-இல் நிஸ்ஸிம் எசக்கியலை ஆசிரியராக வைத்து ‘குவெஸ்ட்’ இதழ் வந்தது. பணம் ஃபார்ஃபீல்டு அறக்கட்டளை என்ற தர்ம ஸ்தாபனத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். உண்மையில் அது உளவுத் துறைப் பணம், அமைப்பின் நிர்வாகி மைக்கேல் ஜோசல்சனே அந்தத் துறையின் ஆள். 1966-இல் நியூயார்க் டைம்ஸ் கிளப்பியது, 1967 மே மாதம் முன்னாள் அதிகாரி தாமஸ் பிரேடன் பத்திரிகையில் பெருமையாகவே எழுதிவிட்டார். ஸ்பெண்டர் அதே மாதம் ராஜினாமா செய்தார். தனக்குத் தெரியாது என்று கடைசிவரை சொன்னார். நான் அவரை நம்புகிறேன். பதினான்கு வருடம் ஒரு பத்திரிகை நடத்தி, இவ்வளவு காசு எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து விசாரிக்காதது அவருடைய தவறு. ஆனால் விஷயம் வெளியே வந்ததும் எழுந்து போனார். இதில் என்னை அசைத்துப்போட்டது வேறொன்று. ஆர்வெல்லின் அந்த 135 பேர் கொண்ட குறிப்பேட்டில் ஸ்பெண்டர் பெயரும் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்ட அனுதாபி, நம்பத்தகாதவர் என்று. ஓரினச்சேர்க்கை நாட்டம் உண்டு என்றும் சேர்த்து. இருவரும் நண்பர்கள். ஸ்பெண்டர் மருத்துவமனைக்குப் போய் ஆர்வெல்லைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓரினச்சேர்க்கைக்குச் சிறைத் தண்டனை உண்டு.

பட்டியலுக்கு நியாயம் சொல்பவர்கள் ஸ்பெயினைக் காட்டுவார்கள். காட்டத்தான் வேண்டும். 1937-இல் பார்சிலோனாவில் ஆர்வெல் யாருடைய படையில் சேர்ந்து போரிட்டாரோ அந்த ‘போயும்’ (POUM) என்ற, ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிக் கட்சியை ஸ்டாலின் ஆதரவாளர்கள் வேட்டையாடினார்கள். அவரோடு இருந்த பாப் ஸ்மைலி என்ற இளைஞன் வலென்சியா சிறையில் செத்தான். கமாண்டர் ஜார்ஜ் காப் உள்ளே கிடந்தார். ஆர்வெல்லும் அப்போதைய மனைவி ஐலீனும் வெறிபிடித்த ட்ராட்ஸ்கியவாதிகள் என்று 1937 ஜூலையில் உளவு வழக்கு நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை தயாரானது. அதற்குள் அவர்கள் எல்லை தாண்டியிருந்தார்கள். பிடிபட்டிருந்தால் அந்தத் தாளே போதும், உயிரை எடுக்க. அந்த வேட்டையை நியாயப்படுத்தி எழுதிய கைகள் லண்டன் பத்திரிகை அலுவலகங்களில் எப்படி மரியாதையாக உலாவுகின்றன என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் இருந்த பீட்டர் ஸ்மோலெட் என்பவரை ஏதோ ஒருவகையில் ரஷ்ய ஏஜென்ட் என்று சந்தேகித்தார். ஸ்மோலெட் போர்க்காலத்தில் தகவல் அமைச்சகத்தின் ரஷ்யப் பிரிவுத் தலைவர், கேப் நிறுவனத்தைப் பின்வாங்கவைத்தவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அவர் நிஜமாகவே சோவியத் உளவாளி என்பது பின்னால் உறுதியானது. தவிர, பட்டியல் யாரையும் சிறையில் தள்ளுவதற்காகக் கேட்டு வாங்கப்பட்டது அல்ல. இவர்களை எழுதக் கூப்பிடாதீர்கள் என்பதுதான் அதன் பொருள். ஆர்வெல் மேலேயே பிரிட்டிஷ் போலீஸ் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கோப்பு வைத்திருந்தது. 1942-இல் ஒரு சார்ஜென்ட், இவருக்குத் தீவிர கம்யூனிசக் கருத்துகள் உண்டு, நாடோடிக் கலைஞன்போல உடுத்துகிறார் என்று எழுதிவைத்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் எனக்குள் ஒன்று அடங்கவில்லை. அதற்குக் காரணம் சித்தப்பா.

சித்தப்பா மில்லுக்குப் போனது விருப்பப்பட்டு அல்ல. அறுபதுகளின் கடைசியில் அவருக்கு ஓர் அரசு வேலை கிடைக்க இருந்தது. தேர்வு எழுதி, தேறி, ஆணை வரவேண்டிய நேரம். போலீஸ் விசாரணைக்கு ஆள் வந்து தெருவில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டுப் போனார். ஆணை வரவே இல்லை. ஒரு வருடம் அலைந்த பிறகு, உள்ளே இருந்த ஒருவர் இரக்கப்பட்டுச் சொன்னார்: கட்சி சகவாசம் என்று கோப்பில் ஒரு வரி இருக்கிறது. யார் சொன்னது என்றும் தெரிந்துவிட்டது. அதே தெருக்காரர். தம்பி தங்கமான பிள்ளை, ஆனால் அந்தக் கூட்டத்தோடு சேர்க்கை உண்டு என்றாராம். கெடுதல் நினைத்துச் சொன்னதாகக்கூட இருக்காது. கேட்டார்கள், சொன்னார். சித்தப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பட்டியலால் யாருக்கும் பாதிப்பு இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். அதில் அலரிக் ஜேக்கப் என்ற பத்திரிகையாளர் பெயரும் இருந்தது. ஆர்வெல் படித்த அதே ஆரம்பப் பள்ளியில் படித்தவர். 1951-இல் பிபிசியில் அவருடைய நிரந்தரப் பணி உரிமை திடீரென்று மறுக்கப்பட்டது. ஓய்வூதியம் இல்லை என்று அதற்கு அர்த்தம். பட்டியல்தான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. எந்தக் கோப்பிலாவது அப்படி நிரூபிக்கும்படியா எழுதிவைப்பார்கள்?

இதில் இன்னும் கொடுமை, ஆர்வெல்லுக்கு இது தெரியும். 1948-இல் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களில் கம்யூனிஸ்டுகளைக் களையெடுக்கத் தொடங்கியபோது, சுதந்திரப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. விசாரிக்கப்படுபவர் சங்கத்தின் உதவியோடு வாதாட உரிமை வேண்டும், உளவுத் துறை சொல்வதற்கு வேறு ஆதாரம் வேண்டும், தகவல் கொடுத்தவரைக் குறுக்குவிசாரணை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டவர்களில் ஆர்வெல் உண்டு, அந்தக் குழுவின் துணைத்தலைவரே அவர்தான். சித்தப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மூன்றும் அந்தத் தாளில் இருக்கின்றன. மறு வருடம் அவர் அனுப்பிய 38 பேருக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பத்திரிகையில் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அதைச் செய்யும் தைரியம் அவருக்கு எப்போதும் இருந்தது, செய்தும் இருக்கிறார். அந்த ஒரு தடவை மட்டும் உறையில் போட்டு ஒட்டி, தோழி வழியாக அரசாங்கத்துக்குக் கொடுத்தார். தன் ஆட்கள் நல்லவர்கள், சரியாகத்தான் பயன்படுத்துவார்கள் என்ற நம்பிக்கையில். ஈட்டனும் ஆஸ்டரும் ஜூராவும் எனக்கு உறுத்துவது இந்த இடத்தில்தான். ஆளுகிறவர்கள் ஒருவனுக்குத் தெரிந்தவர்களாக, கூடப் படித்தவர்களாக, ஒருகாலத்தில் காதலித்த பெண்ணாக இருந்துவிட்டால், அவர்களிடம் ஒரு பெயரைக் கொடுப்பது பேச்சுவாக்கில் சொல்வதுபோல ஆகிவிடுகிறது. தெருக்காரர் விசாரணைக்கு வந்த ஆளிடம் சொன்னதுபோல.

அவர் புத்தகங்களை நான் தூக்கிப்போடவில்லை. யானையைச் சுட்ட கட்டுரையை இன்றும் வருடத்துக்கு ஒரு முறையாவது படிக்கிறேன், பர்மாவில் அதிகாரத்தின் அசிங்கத்தை உள்ளிருந்து அப்படி எழுதியவர் வேறு யார்? பாரிஸ் புத்தகத்தை மட்டும் நண்பர்களுக்குக் கொடுக்கும்போது பெரியம்மாவைப் பற்றிச் சொல்லித்தான் கொடுக்கிறேன். மேசைக்கு மேல் இருந்த படத்தை எடுக்கவில்லை. ஆனால் இப்போது அதில் என் கண் முதலில் போவது பின்னால் நிற்பவரிடம் இல்லை, எலியட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிமுத்துவிடம்.

2004-இல் ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றிருந்தார். “நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான் சித்தப்பா” என்று ஆரம்பித்தேன். பதினோரு வருடம் கழித்துக் கேட்கிற மன்னிப்பு. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“எத்தன பேரு?”

“முப்பத்தெட்டு.”

“அதுல நெசமாவே ஆளு எவனாவது இருந்தானா?”

ஸ்மோலெட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

“ஒருத்தனுக்காக மிச்ச பேரையுமாலே?” என்றார். அப்புறம், “என் பேரச் சொன்னவரை நான் இன்னைக்கும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதேன். அவரும் பாவம், பயந்துட்டாரு.”

ஸ்பெயினில் நடந்ததையும் சொன்னேன். சிறையில் செத்த பையனைப் பற்றி, அறிக்கையைப் பற்றி. இதெல்லாம் அவருடைய கட்சிப் புத்தகங்களில் இல்லாத சங்கதி. முழுக்கக் கேட்டார், இடையில் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது, அந்தப் பண்ணைப் புத்தகம் கையில் இருக்கிறதா என்று கேட்டார். என் பிரதியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளிக்குப் போனபோது அது அலமாரியில், மாஸ்கோ புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. படித்தீர்களா என்று கேட்டேன்.

“அந்தக் குதிரை இருக்குல்லா, பாக்ஸர். எல்லா வேலையும் இழுத்துப்போட்டுச் செய்யும்லா. அதக் கடைசில கறிக்காரன் வண்டியில ஏத்துதான் பாரு. அந்த எடத்தோட மூடி வச்சிட்டேன்.”

அவர் போன பிறகு சித்தி அந்தப் புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த சங்கச் சந்தா ரசீது இன்னும் அங்கேயே இருக்கிறது.